மென்பொருள் உரிமமும் வணிகர் கள்ளாமையும்

முன்னுரை

சங்க மலருக்குக் கட்டுரை கேட்கும்போதெல்லாம் சமண நூல்களைப் பற்றி ஏதாவது எழுதித் தருவது என் வழக்கம். இம்முறை மென்பொருள் லைசென்ஸ் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க் குழு நண்பர் ஒருவர், "என்ன நயினார், கம்ப்யூட்டர் வியாபாரத்தில் இறங்கிட்டீங்களா?" என்று சிரித்தார். இறங்கவில்லை. ஓட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் எவர்சில்வர் சமையல் மேடை, அடுப்பு, புகைக் கூண்டு செய்து கொடுப்பதுதான் இன்றும் என் தொழில். ஆனால் எந்தத் தொழில் செய்தாலும் இன்று மேசைமேல் ஒரு கணினி இருக்கிறது. அதற்குள் இருக்கும் நிரல்கள் யாருக்குச் சொந்தம், எந்த உரிமையில் நாம் அவற்றைப் பயன்படுத்துகிறோம் என்று நம்மில் பெரும்பாலோர் ஒருநாளும் யோசிப்பதில்லை. 2018-இல் ஒரு கடிதம் வரும்வரை நானும் யோசித்ததில்லை.

வெளிமாநிலத்தில் கடை, பட்டறை, டிராவல்ஸ், சிறு அலுவலகம் என்று நடத்தும் தமிழ்க் குடும்பங்கள் பல. நம் பிள்ளைகளில் பலர் மென்பொருள் எழுதியே பிழைக்கிறார்கள். ஆகவே இந்த விஷயம் நமக்கு இரண்டு பக்கமும் தொடர்புடையது. தொழில் நடத்துகிறவர்களின் வாசலுக்கு இந்த லைசென்ஸ் ஆடிட் எப்படி வந்து சேர்கிறது, வந்தால் என்ன செய்வது, வராமலிருக்க என்ன வழி என்பதை நான் பட்டும் படித்தும் அறிந்த அளவில் இங்கே விளக்குகிறேன்.

ஒரு கடிதமும் ஒரு சந்தேகமும்

கடிதம் ஒரு வக்கீல் அலுவலகத்திலிருந்து வந்தது. வெளிநாட்டு மென்பொருள் கம்பெனி ஒன்றின் சார்பில் எழுதியிருந்தார்கள். படம் வரைவதற்கான எங்கள் கட்சிக்காரரின் நிரலை உங்கள் நிறுவனம் மூன்று கணினிகளில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தி வருகிறது, 15 நாளில் பதில் வேண்டும் என்பது அதன் சாரம். முதலில் யாரோ ஏமாற்றுக்காரன் என்று நினைத்து ஓரமாக வைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் பழைய பில்களை எடுத்துப் பார்க்கத் தோன்றியது. கணினிகளைச் சேர்த்துக் கட்டித் தந்த கடைக்காரர் பில்லில் பெட்டி, மானிட்டர், கீபோர்டு எல்லாம் தனித்தனியே எழுதியிருந்தார். நிரல்களுக்கு மட்டும் தனி வரி இல்லை. 'சாப்ட்வேர் லோடிங் ரூ. 500' என்று கடைசியில் ஒரே ஒரு வரி. அந்த 500 ரூபாய்க்குள் ஆறு நிரல்கள் அடங்கியிருந்தன!

அடுத்து என் மனம் போன திசையைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. 'யார் காட்டிக் கொடுத்தது?' என்றுதான் அது போயிற்று. திண்டிவனம் பக்கத்துப் பையன் ஒருவன் எங்களிடம் படம் வரைபவனாக இருந்தான். போனஸ் விஷயத்தில் மனக்கசப்பு ஏற்பட்டு, கடிதம் வருவதற்கு இரண்டு மாதம் முன்புதான் விலகியிருந்தான். அவன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவனுக்குத் தர வேண்டிய கடைசி மாதச் சம்பளத்தையும் அனுபவச் சான்றிதழையும் நிறுத்தி வைத்தேன். இரண்டு முறை போன் செய்தான். எடுக்கவில்லை. இந்தக் கதையின் முடிவைப் பின்னால் சொல்கிறேன். இப்போது சட்டத்துக்கு வருவோம்.

காசு கொடுத்து வாங்கியது நம் சொத்து இல்லையா?

நம் வணிகர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி இது. இதற்கு நம் உச்ச நீதிமன்றமே இரண்டு தீர்ப்புகளில் விடை தந்திருக்கிறது. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கில் 2004-ஆம் ஆண்டு ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, குறுந்தகட்டில் பதிந்து கடையில் விற்கும் மென்பொருள் விற்பனை வரிக்கு உரிய சரக்குதான் என்றது. 2021-இல் வருமான வரி சம்பந்தமான இன்னொரு வழக்கில், வாங்குபவர் பெறுவது காப்புரிமை உள்ள ஒரு பிரதியை மட்டுமே, காப்புரிமையை அல்ல என்று விளக்கியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் தெளியும். புத்தகம் வாங்கினால் படிக்கலாம், அலமாரியில் வைக்கலாம். பத்துப் பிரதி அச்சடிக்க முடியாது. மென்பொருளில் நிபந்தனை இன்னும் நுட்பமானது. எத்தனை கணினியில், எத்தனை பேர், எந்தக் காரியத்துக்கு என்பதையெல்லாம் அந்த லைசென்ஸ் பத்திரமே சொல்லும். நாம் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துகிறோமே, அதுதான் அந்தப் பத்திரம்.

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்ற வகையில் சேர்த்தது. ஆக, சட்டத்தின் கண்ணில் சீவக சிந்தாமணியும் கணக்கு எழுதும் நிரலும் ஒரே இனம்! சிந்தாமணிக்கு உரிமை கேட்டு இன்று யாரும் வரப்போவதில்லை. நிரலுக்கு வருவார்கள்.

அடுத்து 1994-ஆம் ஆண்டுத் திருத்தம். 1995 மே 10 முதல் நடைமுறைக்கு வந்த இது 63பி என்ற பிரிவைச் சேர்த்தது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை. லாபத்துக்காகவோ வியாபாரத்திலோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். நம் கடைக்கு அந்தச் சலுகை இல்லை. பிரதி எடுத்து விநியோகித்தல் முதலான பொதுக் குற்றத்துக்கு 63-ஆம் பிரிவு. அதில் சிறை 6 மாதம் முதல் 3 ஆண்டு. அந்தக் குற்றத்தில் போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம், அது ஜாமீனில் விடத்தகாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கம்பெனியாக இருந்தால் பொறுப்பில் இருப்பவரும் குற்றவாளி ஆவார் என்கிறது 69-ஆம் பிரிவு.

நமக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். முறையாக வாங்கியவர், கெட்டுப்போனால் உதவட்டும் என்று காப்புப் பிரதி எடுத்து வைப்பதை 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அந்தப் பிரதியைப் பக்கத்து மேசைக் கணினியில் போட்டு ஓட்டுவதை அனுமதிக்கவில்லை.

63பி பிரிவில் 'தெரிந்தே' என்ற சொல்லை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு உறுத்திய சொல் அதுதான்.

நாம் எப்படிக் கண்ணில் படுகிறோம்?

லட்சக்கணக்கான கடைகள் இருக்க, குறிப்பாக ஒரு கடைக்கு மட்டும் எப்படிக் கடிதம் வருகிறது? ஐந்து வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது, ஆள் வழி. மனக்கசப்புடன் விலகிய ஊழியர், போட்டிக் கடைக்காரர், பாக்கி வராத கம்ப்யூட்டர் மெக்கானிக் ஆகியோர் தகவல் தரக்கூடும். பிசினஸ் சாப்ட்வேர் அலையன்ஸ் என்ற பெயரில் 1988-இல் அமெரிக்காவில் தொடங்கிய கூட்டமைப்பு இவ்வகைத் தகவல்களை வாங்கி விசாரிக்கிறது. அமெரிக்காவில் தகவல் தருவோருக்கு ரொக்கப் பரிசும் அறிவித்திருந்தது. 2017-ஆம் ஆண்டுக்கான அதன் கணக்கெடுப்பு, இந்தியாவில் கணினிகளில் ஏற்றப்பட்ட மென்பொருளில் 56 சதவீதம் உரிமம் இல்லாதது என்றது. கணக்கெடுத்தவர்கள் உரிமையாளர்களின் சங்கம் என்பதை நினைவில் கொண்டுதான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். பாதியாகக் குறைத்துப் பார்த்தாலும் பெரிய எண்தான்.

இரண்டாவது, நிரலின் வழி. நம்மவர்கள் அதிகம் அறியாதது இது. விலை உயர்ந்த பொறியியல், வரைபட, வடிவமைப்பு நிரல்கள் பலவற்றில் தன் உடம்பைத் தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. பூட்டு உடைக்கப்பட்டிருந்தால், இணையம் கிடைக்கும்போது தாய்க் கம்பெனிக்குச் செய்தி அனுப்பிவிடும். கணினியின் பெயர், அதன் வலைப்பின்னல் அட்டையின் எண், இணைய முகவரி, பயன்படுத்திய தேதி, எத்தனை முறை என்பன அதில் இருக்கும். கணினிக்குக் கடையின் பெயரையே வைத்திருந்தாலோ, கடையின் மின்னஞ்சலில் உள்ளே நுழைந்திருந்தாலோ ஆளைக் கண்டுபிடிக்க வேறு துப்பு வேண்டாம். இந்தத் தகவல்களைத் தொகுத்துத் தருவதையே தொழிலாகச் செய்யும் கம்பெனிகளும் உண்டு. திருடிய மாடு புதுக் கொட்டகையில் கட்டினதும் பழைய எஜமானனை நினைத்துக் கத்துகிற மாதிரி!

மூன்றாவது, பதிவேட்டு வழி. விற்ற கம்பெனியிடம் விற்பனைக் கணக்கு இருக்கிறது. ஒரே வரிசை எண் நாலு இடத்தில் பதிவாகிறது, லைசென்ஸ் ஒன்று வாங்கியவர் மூன்று கணினிக்கு உதவி கேட்டுப் போன் செய்கிறார், 5 பேராக இருந்த அலுவலகம் 40 பேராக வளர்ந்தும் புதிதாக எதுவும் வாங்கவில்லை என்றால் கேள்வி எழும். இலவசமாக இறக்கியதற்கும் பதிவு உண்டு. ஆரக்கிள் கம்பெனியின் ஜாவா நல்ல உதாரணம். நீண்ட காலம் பெரும்பாலோர் அதைக் காசில்லாமல் பயன்படுத்தினார்கள். 2019 ஏப்ரல் முதல் ஜாவா 8-இன் புதிய திருத்தங்களை வணிக நிறுவனங்கள் பயன்படுத்தச் சந்தா வேண்டும் என்று விதி மாறியது. 2023 ஜனவரியில், அதைத் தொடுகிறவர் எத்தனை பேர் என்று பாராமல், நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கைக்குச் சந்தா என்று மாற்றினார்கள். பழைய பழக்கத்தில் இறக்கியவர்களுக்குக் கடிதம் போகத் தொடங்கியது. நேற்று இலவசம் என்பதால் இன்றும் இலவசம் என்று நினைக்கக் கூடாது.

நான்காவது, நாமே பறைசாற்றும் வழி. 'இன்ன நிரல் தெரிந்த ஆள் தேவை' என்று விளம்பரம் கொடுக்கிறோம். அந்த நிரலை விற்பவரும் அதைப் படிப்பார். மாணவர்களுக்கென மலிவாகவோ இலவசமாகவோ தரும் பதிப்பில் வேலை செய்து டெண்டருக்கு அனுப்புகிறோம். சில வரைபட நிரல்களின் பழைய மாணவர் பதிப்புகளில், அச்சிடும்போது படத்தின் ஓரங்களில் 'கல்விப் பயன்பாட்டுக்கு உரியது' என்ற வாசகம் தானே விழும். வாங்குகிறவர் மேசையில் அது சாட்சி சொல்லும்.

ஐந்தாவது, ஒப்பந்த வழி. இது பெரிய நிறுவனங்களுக்கு உரியது. மொத்தமாக லைசென்ஸ் வாங்கும்போது கையெழுத்திடும் ஒப்பந்தத்திலேயே, விற்றவர் வந்து எண்ணிப் பார்க்கலாம் என்ற ஷரத்து இருக்கும். மைக்ரோசாப்டின் மொத்த ஒப்பந்தங்களில் 30 நாள், ஆரக்கிள் ஒப்பந்தங்களில் 45 நாள் முன்னறிவிப்பு என்பது வழக்கம். மைக்ரோசாப்ட் ஒப்பந்தப்படி குறைவு 5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், ஆடிட் செலவையும் நாம் தந்து, குறையும் லைசென்ஸ்களை 125 சதவீத விலையில் வாங்க வேண்டிவரும். இங்கே திருட்டு எண்ணமே இல்லாதவரும் மாட்டுவதுண்டு. மதுபானக் கம்பெனியான டியாஜியோ, எஸ்.ஏ.பி. நிரலைப் பணம் கொடுத்துத்தான் வாங்கியிருந்தது. வேறொரு நிரல் மூலமாக விற்பனை ஆட்களும் வாடிக்கையாளர்களும் மறைமுகமாக அதைத் தொடுகிறார்கள் என்று எஸ்.ஏ.பி. 5 கோடி பவுண்டுக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. கூடுதல் கட்டணம் கேட்க உரிமை உண்டு என்று 2017-இல் லண்டன் நீதிமன்றம் கூறியது.

கம்பெனிகள் கைமாறும்போது, இரண்டு ஒன்றாகும்போது, வருடாந்திரப் பராமரிப்புச் சந்தாவை நிறுத்தும்போது இந்த ஆடிட் வர வாய்ப்பு அதிகம். காரணம் எளிது. ஆடிட் ஒரு பக்கம் காவல், இன்னொரு பக்கம் விற்பனை. புது வாடிக்கையாளரைத் தேடுவதைவிட, ஏற்கெனவே பயன்படுத்துகிறவரிடம் பாக்கியை வசூலிப்பது சுலபம் என்பது நமக்குத் தெரியாத வியாபாரமா?

வாசலில் வருவது நான்கு வகை

கடிதம் வந்ததும் பதறாமல் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

முதல் வகை, 'உங்கள் லைசென்ஸ்களைச் சரிபார்க்க உதவுகிறோம்' என்ற அழைப்பு. பெரும்பாலும் விற்பனைப் பிரதிநிதி அல்லது டீலர் அனுப்புவது. இதற்கு உடன்பட வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. ஆனாலும் வீட்டுக் கணக்கைச் சரிபார்க்க நல்ல நினைவூட்டல்.

இரண்டாம் வகை, ஒப்பந்த ஷரத்தின்படி வரும் ஆடிட் நோட்டீஸ். கையெழுத்திட்டிருந்தால் கட்டுப்பட வேண்டும். எந்த நிரல், எந்தக் கிளை, எந்தக் காலம் என்ற எல்லையை எழுத்தில் கேட்டு வாங்கலாம்.

மூன்றாம் வகை, எனக்கு வந்ததுபோன்ற வக்கீல் நோட்டீஸ். இதை அனுப்பியவருக்கோ அவர் ஏஜெண்டுக்கோ நம் அனுமதியில்லாமல் கடைக்குள் நுழைந்து கணினியைத் திறக்க அதிகாரம் கிடையாது. அதற்காக நோட்டீசைக் குப்பையில் போடுவதும் தவறு. அதன் அடுத்த படிதான் கோர்ட்.

நான்காம் வகை, நீதிமன்றம் அனுப்பும் ஆணையர். முன்கூட்டிச் சொல்லாமல் வருவார். கூடவே தொழில்நுட்ப ஆளும் வருவார். இங்கிலாந்தில் 1975-இல் ஆன்டன் பில்லர் என்ற வழக்கில் பிறந்த முறை இது. ஆட்டோடெஸ்க் கம்பெனி தொடுத்த வழக்கில் 2008-இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு இதற்கு நெறிமுறைகள் வகுத்தது. மென்பொருள் சாட்சியத்தை நொடியில் அழித்துவிடலாம் என்பதால் திடீர் வருகை தேவைப்படுகிறது, தனியார் துப்பறிவாளரின் அறிக்கையை அவரை அமர்த்தியவர் வாதி என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ள வேண்டாம் என்றது. அதே சமயம் நியாயமாக இன்னொன்றும் சொன்னது. தகவலில் ஐயம் இருந்தால் வாதியைக் கோர்ட்டில் பணம் கட்டச் சொல்லலாம். ஒன்றும் அகப்படாவிட்டால், வேலை கெட்டதற்கு எதிராளிக்கு அதிலிருந்து ஈடு கிடைக்கும். இந்த வகையில் ஆணையரின் உத்தரவைக் கேட்டுப் படித்துப் பார்த்து, ஒத்துழைத்து, நடப்பதைக் குறித்து வைத்துக்கொண்டு உடனே வக்கீலை அழைப்பது ஒன்றே வழி.

எந்த வகையானாலும் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. கடிதம் வந்த ராத்திரியே எல்லாவற்றையும் அழித்துவிடுவது. நிரலை நீக்கினாலும் தடயம் கணினியில் தங்கும். அனுப்புகிறவரிடம் பழைய பதிவும் இருக்கும். சாட்சியத்தை அழித்தார் என்ற பெயர் புதிதாகச் சேரும். அதேபோல் இன்று அவசரமாக வாங்கிய பில், நேற்றைய பயன்பாட்டுக்குக் கணக்கில் வராது.

செய்ய வேண்டியவை: அனுப்பியவர் நிஜமா என்று கம்பெனியின் இந்திய அலுவலகத்தில் நேரே கேட்டு உறுதி செய்தல், பேச ஒரே ஆளை நியமித்தல், காப்புரிமை தெரிந்த வக்கீலிடம் காட்டிக் குறித்த நாளுக்குள் பதில் அனுப்புதல், அவர்கள் ஓட்டச் சொல்லும் சோதனை நிரலை அது என்ன செய்யும் என்று தெரியாமல் ஓட்டாதிருத்தல், தீர்வு ஏற்பட்டால் பழைய பாக்கி எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுதல்.

வராமல் இருக்க

வருமான வரிக்கு வவுச்சர் வைக்கிறோம். அதுபோல லைசென்சுக்கும் ஒரு பைல் வேண்டும். பெட்டி, ஸ்டிக்கர், குறுந்தகடு ஆகியவை மட்டும் போதா. வரி செலுத்திய பில்தான் முதல் சாட்சி. கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ் லைசென்ஸ் பொதுவாக அந்தக் கணினிக்கே உரியது. பழையது போனால் அதைப் புதியதற்கு மாற்ற முடியாது. டாலி போன்ற கணக்கு நிரலிலும் சில்வர் என்பது ஒரு கணினிக்கு, கோல்டு என்பது ஒரே வலைப்பின்னலில் உள்ள பலருக்கு. ஒன்றை வாங்கி இன்னொன்றாக ஓட்டக் கூடாது. 'இலவசம்' என்று போட்டிருந்தால் யாருக்கு இலவசம் என்று படிக்க வேண்டும். தூரத்திலிருந்து கணினியை இயக்கும் டீம்வியூவர் தனிப்பட்ட உபயோகத்துக்குத்தான் இலவசம், கடைக்கு அல்ல.

மெய்யாகவே யாவர்க்கும் திறந்த நிரல்களும் உண்டு. கடிதம், கணக்குப் பட்டியலுக்கு லிப்ரே ஆபீஸ், படம் வரைய இங்க்ஸ்கேப், ப்ரீகேட் ஆகியவை போதுமான கடைகள் பல. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் நம் மண்ணிலேயே விளைந்தது. தமிழ் எழுத்துருக்களையும் சொல்ல வேண்டும். பத்திரிகை, அழைப்பிதழ் அடிப்பவர்கள் எழுத்துருவை ஊரெல்லாம் பென்டிரைவில் பகிர்கிறோம். அதற்கும் உரிமை உண்டு. நோட்டோ தமிழ் போன்ற திறந்த உரிமத்து எழுத்துருக்களைக் கேட்காமலே பயன்படுத்தலாம்.

இன்னொரு நடைமுறை நன்மையும் இருக்கிறது. பூட்டு உடைத்த நிரலோடு என்னென்ன வைரஸ் வருகிறது என்று யாருக்குத் தெரியும்? 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தாக்குதல் உலகெங்கும் கணினிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. திருத்தங்கள் ஏற்றப்படாத விண்டோஸ் கணினிகள்தான் அதில் பெருமளவு வீழ்ந்தன. திருட்டுப் பதிப்பு வைத்திருப்பவர், குட்டு வெளிப்படும் என்று பயந்து திருத்தங்களை நிறுத்தி வைப்பது வழக்கம்.

விரதமும் பையனும்

திருவள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்தார். சமண நெறியோ இல்லறத்தானுக்கும் அதைச் சிறு விரதமாக, அணுவிரதமாக விதிக்கிறது. பிறர் கொடாத பொருளை எடுத்துக்கொள்வது களவு என்பதே அங்கே இலக்கணம். இவ்விரதத்துக்கு நேரும் ஐந்து வழுக்களை உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது: களவுக்குத் துணை செய்தல், களவுப் பொருளை வாங்குதல், அரசு விதியை மீறிய வாணிகம், அளவையில் ஏமாற்றல், போலியைக் கொண்டு வியாபாரம் செய்தல். இதைப் பலமுறை மேடையில் பேசியிருக்கிறேன். என் தராசு சரி, என் எடை சரி என்ற பெருமையும் எனக்கு இருந்தது. அந்த 500 ரூபாய் வரியில் இரண்டாவதும் மூன்றாவதும் ஐந்தாவதும் உட்கார்ந்திருந்தன.

வக்கீல் அலுவலகத்துக்கு எங்கள் வக்கீலோடு போனேன். அவர்கள் ஒரு பட்டியலைக் காட்டினார்கள். மூன்று கணினிகளின் பெயர், எண், தேதிகள். நிரல் தானே அனுப்பிய செய்திகள்தான் அவை. முதல் தேதியைப் பார்த்தேன். அந்தப் பையன் எங்களிடம் சேர்வதற்கு ஏழு மாதம் முந்தியது அது! அவன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்பதுகூடச் சரியல்ல, மறந்திருந்தால்தானே? சேர்ந்த முதல் மாதமே அவன் என் மேசைக்கு வந்து, "ஐயா, இது லைசென்ஸ் இல்லாதது. ஒண்ணாவது வாங்கிடலாமுங்க" என்று சொன்னான். "எல்லாரும் இப்படித்தாண்டா வெச்சிருக்காங்க, நீ வேலையைப் பாரு" என்று அனுப்பிவிட்டேன். 'தெரிந்தே' என்ற சொல் என்னை ஏன் உறுத்தியது என்று இப்போது வாசகர்களுக்கு விளங்கும். 'எனக்குத் தெரியாது, மெக்கானிக் போட்டுட்டான்' என்று பதில் எழுதலாமா என்று எங்கள் வக்கீல் கேட்டார். அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லை.

இரண்டு கணினிக்குச் சந்தா வாங்கி, பழையதற்கும் ஒரு தொகை கொடுத்து, எழுத்தில் தீர்த்துக்கொண்டோம். மூன்றாவது கணினியில் திறந்த நிரல் போட்டோம். அந்த வருடம் ஒரு பெரிய ஓட்டல் ஆர்டரில் வந்த லாபம் அதற்குச் சரியாகப் போயிற்று. பணத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. பையனுக்குச் சம்பளம் நாலு மாதம் தாமதம். சான்றிதழ் இல்லாததால் ஒரு வேலை கைநழுவியது என்று பின்னர் தெரிந்தது. தேடிப் போய்ச் சம்பளம், போனஸ் பாக்கி, சான்றிதழ் மூன்றையும் கொடுத்து, சந்தேகப்பட்டதையும் மறைக்காமல் சொன்னேன். "பரவாயில்லீங்க ஐயா" என்றான். உட்காரச் சொல்லவில்லை. அதில் அவன்மேல் குற்றமில்லை.

முடிவுரை

ஆகவே அன்பர்களே, கடிதம் வந்தால் 'யார் சொன்னது' என்று தேடாதீர்கள். 'சொன்னது உண்மையா' என்று பாருங்கள். கடையில் வேலை செய்யும் பிள்ளை இது சரியில்லை என்று சொன்னால் அன்றைக்கே கேளுங்கள். அதைவிட மலிவான ஆடிட் கிடையாது.

மகாவீரர் நிர்வாணம் எய்திய தீபாவளி நாளில் எங்கள் வீட்டில் புதுக் கணக்கு எழுதுவது பழக்கம். 2018 முதல் அந்தக் கணக்குப் புத்தகத்தோடு இன்னொரு தாளையும் வைத்துப் பூஜை செய்கிறோம். கடையில் எந்தக் கணினியில் என்ன நிரல், எந்தத் தேதி, எந்த பில் என்ற பட்டியல் அது. இந்த ஆண்டு அதில் 11 வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பில் எண்ணோ, திறந்த உரிமம் என்ற குறிப்போ இருக்கிறது.